மன்றோ துரையும் ஒரு லிட்டர் தண்ணீரும்



இண்டஸ்ட்ரியல் விசிட் என்று சென்னைக்குப் போனவர்கள் எல்லாரும் தீவுத்திடல் பக்கம் நிற்கும் அந்தக் குதிரைச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். குதிரை மேல் ஒரு துரை. குதிரைக்குச் சேணமும் கிடையாது, கால் வைக்க அங்கவடியும் கிடையாது. சிற்பி சான்ட்ரி மறந்துவிட்டார் என்று ஒரு கதை, வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்று இன்னொரு கதை. 1839-ல் அந்தச் சிலையை நிறுத்தினார்கள். நானும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, யாரோ வெள்ளைக்காரன் என்று திரும்பிக்கொண்டேன். சர் தாமஸ் மன்றோ என்கிற அந்த மனிதர் நம்ம பழைய சேலம் ஜில்லாவில் ஏழு வருஷம் கூடாரம் போட்டுத் திரிந்தவர் என்றோ, கடைசியில் ஒரே நாளில் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தவர் என்றோ அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்துகொண்டது எங்கள் சிவில் பிரிவின் சர்வே கேம்ப்பில். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்தோம். பகல் முழுக்கச் சங்கிலி இழுப்பது, ரேஞ்சிங் ராடு நடுவது, வெயிலில் கருகுவது. ராத்திரி சாப்பாடு முடிந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் ஆசிரியர் சொன்னார்: இன்றைக்கு நீங்க இழுத்த சங்கிலியை இந்தச் சீமையில் இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே இழுத்தாங்கடா, அதில் ஒருத்தர்தான் சென்னையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று. அதற்கு அடுத்த ராத்திரி என் அறை நண்பனுக்கு வயிறு புரண்டது. அந்த ராத்திரி நான் செய்த காரியத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மன்றோவின் கதை.

1761-ஆம் வருஷம் மே 27-ம் தேதி ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தார். அப்பா புகையிலை வியாபாரி. அமெரிக்காவிலிருந்து வரும் வர்ஜீனியாப் புகையிலைதான் அந்த ஊரின் பணம். சின்ன வயசில் தட்டம்மை வந்து பையனுக்குக் காது மந்தமாகிவிட்டது. கடைசி வரைக்கும் அந்தக் குறை இருந்தது. ஆனால் படிப்பில் சூட்டிகை. கணக்கும் ரசாயனமும் பிடித்த பாடங்கள். டான் குவிக்ஸாட் கதையை மூல மொழியில் படிக்க வேண்டும் என்பதற்காகவே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டாராம். நாம் ஒரு அரியர் பேப்பர் கிளியர் பண்ணுவதற்கே என்ன பாடுபடுகிறோம், பாருங்க.

அமெரிக்காவில் சுதந்திரப் போர் வெடித்தது. புகையிலை நின்றது. அப்பாவின் வியாபாரம் கவிழ்ந்தது. பையன் கம்பெனிப் பட்டாளத்தில் கேடட்டாகச் சேர்ந்து கப்பல் ஏறினார். 1780 ஜனவரியில் சென்னையில் கால் வைக்கும்போது வயசு பதினெட்டு. அதாவது நம்மில் முதல் வருஷம் படிக்கிறவர்களைவிட இரண்டு வயசு கூட. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பிக் குடும்பத்தைத் தாங்கினார். ரிக் வண்டியில் வடநாடு போய் மாசா மாசம் பணம் அனுப்பும் திருச்செங்கோட்டு அண்ணன்மார்களை நினைத்துக்கொண்டேன்.

வந்த வருஷமே ஹைதர் அலியோடு சண்டை. காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கம்பெனியின் ஒரு படை முழுசாக நாசமானது. மன்றோ இருந்த படை பக்கத்திலேயே இருந்தும் உதவிக்குப் போய்ச் சேராமல் சென்னைக்குப் பின்வாங்கியது. படைத்தலைவர் பெயரும் மன்றோதான், ஹெக்டர் மன்றோ. இரண்டு பேருக்கும் சொந்தம் கிடையாது. அப்புறம் திப்புவோடு 1790 முதல் 1792 வரை இன்னொரு சண்டை. இத்தனை சண்டைகளிலும் அவர் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கைப்படி திப்பு விட்டுக்கொடுத்த சீமைகளில் சேலமும் பாரமகாலும் அடக்கம். தொப்பூர்க் கணவாய்க்கு மேலே இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் எல்லாம் பாரமகால். கணவாய்க்குக் கீழே சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி எல்லாம் தலகாட். (பிற்பாடு எல்லாம் சேர்ந்து சேலம் ஜில்லா. தருமபுரி 1965-ல் பிரிந்தது, நாமக்கல் 1997-ல் பிரிந்தது.) சீமை கைக்கு வந்துவிட்டது, நிர்வாகம் பண்ண ஆள் இல்லை. சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு நம்ம பாஷையே தெரியாது. அதனால் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்கிற ராணுவ அதிகாரியைப் போட்டார் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். ரீடுக்கு மூன்று உதவியாளர்கள்: மெக்லியட், கிரகாம், மன்றோ. மூன்று பேருமே பட்டாளத்துக்காரர்கள்.

மன்றோ தருமபுரியில் இருந்தார். அங்கே ஒரு தோட்டம் போட்டு, தன் கையாலேயே பராமரித்தார். பிற்காலத்தில் எவ்வளவு பெரிய பதவிக்குப் போனபோதும் அந்தத் தோட்டத்தை நினைத்து ஏங்கினார் என்று அவர் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் தோட்டத்தில் உட்கார்ந்திருந்த நாள் கொஞ்சம். காடு காடாக, வயல் வயலாக அளக்கவேண்டியிருந்தது. எது நஞ்சை, எது புஞ்சை, எதில் என்ன விளையும், எவ்வளவு தீர்வை என்று. பாரமகாலில் 1792 முதல் 1799 வரை ஏழு வருஷம் இந்த வேலை. இங்கே பழகியதுதான் ரயத்துவாரி முறை. அதாவது நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவன் நேராகச் சர்க்காருக்கு வரி கட்டுவது.

இதில் என் அபிப்பிராயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். மன்றோவைத் தெய்வம் மாதிரி எழுதுகிறவர்கள் உண்டு. அவர் அளந்தது விவசாயிக்கு நல்லது செய்ய மட்டும் இல்லை, கம்பெனி கஜானாவுக்காக. ஆனால் அளந்தவர்களில் அவர் கொஞ்சம் மனசாட்சி உள்ளவர். 1800 முதல் 1807 வரை பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பை சீமைகளுக்குக் கலெக்டராக இருந்தபோது, போட்ட வரி அதிகம், நாலில் ஒரு பங்கைக் குறையுங்கள் என்று அவரே மேலிடத்துக்கு எழுதினார். அப்போது கேட்கவில்லை. பின்னால் அவரே கவர்னராக வந்துதான் குறைத்தார். சேலத்தில் 1802-க்குப் பிறகு கம்பெனி சீமையை மிட்டா மிட்டாவாக ஏலம் விட்டது. மிட்டாதார்கள் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் நொடித்துப்போக, பழையபடி ரயத்துவாரிக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

சிவில் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. ஆந்திரச் சீமையில் மன்றோவின் சர்வேயர்கள் கையில் இருந்தது 33 அடிச் சங்கிலி. 33 பெருக்கல் 33, அதைப் பெருக்கல் 40 போட்டுப் பாருங்கள். 43,560 சதுர அடி, சுத்தமாக ஒரு ஏக்கர். மற்ற பிரிவு நண்பர்கள் கோபிக்க வேண்டாம், எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கும் கட்டுரைக் கடைசியில் ஒன்று வைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அவர் மேல் ஒரு பிரியம் உண்டாகிவிட்டது. காவலுக்குச் சிப்பாய் இல்லாமல் ஊர் ஊராகப் போவார். பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். மந்திராலயத்தில் ராகவேந்திர சுவாமிகள் பிருந்தாவனத்திலிருந்து அவரோடு பேசியதாக இன்றைக்கும் சொல்கிறார்கள். திருமலையில் பொங்கல் நைவேத்தியம் வைக்கும் ஒரு பாத்திரத்துக்கு மன்றோ கங்காளம் என்று பெயர். துரைக்குத் தீராத வயிற்று நோவு இருந்ததாம், அந்தப் பொங்கலைச் சாப்பிட்டுக் குணமானதாம், அதற்கு நன்றியாகக் கட்டளை வைத்தாராம். நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். வயிற்றிலிருந்துதான் அவருக்கு எமன் வந்தான் என்பது மட்டும் சரித்திரம்.

சீமைக்குப் போய் 1814-ல் ஜேன் கேம்பெல் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பி வந்தது, மராட்டியப் போரில் மறுபடி படை நடத்தியது, 1820-ல் சென்னை ராஜதானியின் கவர்னர் ஆனது, 1822-ல் மாகாணம் முழுக்க எத்தனை திண்ணைப் பள்ளிக்கூடம், எந்தெந்த ஜாதிப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டது, இதையெல்லாம் விரித்தால் மலரில் இடம் போதாது. நேராக 1827-க்கு வருகிறேன்.

பதவி போதும், ஊருக்குப் போகிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்து ரொம்ப நாளாகிவிட்டது. பர்மாப் போர் என்று முதலில் ஒரு தாமதம். அடுத்த கவர்னர் வந்து சேரவில்லை என்று பிறகு ஒரு தாமதம். உடம்பு சரியில்லாத சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு மனைவி 1826-லேயே கப்பல் ஏறிவிட்டார். தனியாக இருந்தவர், போவதற்கு முன்னால் பழைய ஜனங்களை ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று 1827 மே மாதக் கடைசியில் கடப்பை, அனந்தப்பூர்ப் பக்கம் கிளம்பினார்.

அந்தச் சமயம் அங்கே காலரா. 1817-ல் வங்காளத்தில் ஜெஸ்ஸோரில் கிளம்பி ஊர் ஊராகப் பரவிய நோய் அது. கூட வந்த சிப்பாய்களிலேயே சிலருக்குக் கண்டது. குத்தியிலிருந்து கிளம்பி ஜூலை 6-ம் தேதி பத்திகொண்டா என்ற ஊரில் கூடாரம் போட்டார்கள். காலையில் மன்றோவுக்கு ஆரம்பித்தது. ராத்திரி ஒன்பது, ஒன்பதரை மணிக்கு முடிந்துவிட்டது. வயசு 66. மறுநாளே குத்தியில் புதைத்தார்கள். 1831-ல் சென்னைக் கோட்டை செயின்ட் மேரி தேவாலயத்துக்கு எடுத்துவந்தார்கள். அவர் இறப்பதற்குச் சில நாள் முன்னால் கடப்பை மலைக் கணவாயில் ஒரு தங்கத் தோரணம் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது என்றும், சாகப்போகிற பெரிய மனிதர்களுக்குத்தான் அது தெரியும் என்றும் அங்கே ஒரு பேச்சு உண்டு.

ஹைதர் அலியாலும் திப்புவாலும் ஆகாததை ஒரு பகல் பொழுதில் செய்தது எது? கிருமி என்று சொல்வீர்கள். கிருமி சரிதான், ஆனால் ஆளைக் கொன்றது கிருமி நேராக இல்லை. தண்ணீர்தான், அதாவது உடம்பை விட்டு வெளியே போன தண்ணீர். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் போகும், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. கூடவே உப்பும் போகும். அறுபது கிலோ ஆள் ஒருத்தருக்கு ஆறு லிட்டர் குறைந்தால் நாடி விழுந்துவிடும்.

அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் காலராவுக்குச் செய்த வைத்தியத்தைக் கேட்டால் வயிறு எரியும். ரத்தம் கெட்டியாகிவிட்டது என்று கையைக் கீறி இருக்கிற ரத்தத்தையும் எடுப்பார்கள். கலோமெல் என்ற பாதரச மருந்து கொடுத்துப் பேதியைக் கூட்டுவார்கள். அபின் கொடுப்பார்கள், பிராந்தி கொடுப்பார்கள். தண்ணீர் தண்ணீர் என்று கதறினாலும் கொடுக்கக் கூடாது என்றவர்கள் நிறையப் பேர்.

அந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. ஏன் என்றால் நானும் அதையே செய்தேன், அதுவும் இந்தக் காலத்தில்.

கேம்ப்பில் மத்தியானம் ஒரு தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்திருந்தோம். என் நண்பனுக்குச் சாயங்காலமே வயிறு சரியில்லை. ராத்திரி பத்து மணிக்குள் ஏழெட்டுத் தடவை போய்விட்டான், நாலு தடவை வாந்தி. தண்ணீர் கொடுடா என்றான். நான் கொடுக்கவில்லை. குடித்தால் குடித்ததெல்லாம் போகும், வயிற்றைக் காயப்போட்டால் தானாக நிற்கும் என்று எங்கள் அம்மாயி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். கடையில் இருந்து யாரோ வாங்கிவந்த மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டு, தண்ணீர்க் குடத்தை நகர்த்தி என் பக்கம் வைத்துக்கொண்டேன். நல்லது செய்கிறதாகத்தான் நினைப்பு. நடு ராத்திரிக்கு மேல் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். சரி, தூங்கிவிட்டான், குறைந்துவிட்டது என்று நானும் கண் அசந்துவிட்டேன்.

அது தூக்கம் இல்லை நண்பர்களே. விடியற்காலம் டார்ச் அடித்துப் பார்த்தால் கண் குழி விழுந்து உள்ளே போயிருக்கிறது. உதடு வறண்டு வெடித்திருக்கிறது. கை சில்லென்று, விரல் நுனியெல்லாம் ரொம்ப நேரம் கிணற்றில் ஊறினது மாதிரி சுருங்கிப் போயிருக்கிறது. கெண்டைக் கால் இழுத்துப் பிடிக்கிறது. பேசினால் குரல் வரவில்லை, காற்றுதான் வருகிறது. ராத்திரி பத்து மணிக்கு அப்புறம் சிறுநீரே போகவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. ஆசிரியரை எழுப்பினோம். 108-க்கு அடித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவைக் கூட்டிவந்தோம்.

அந்த அக்கா முதலில் செய்தது, அவன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டதுதான். நல்ல உடம்பில் தோல் பட்டென்று சமமாகிவிடும். அவனுக்கு அது கூடாரம் மாதிரி நின்று மெதுவாக இறங்கியது. அடுத்து, கூப்பிட்டால் திரும்புகிறானா, கொடுத்தால் விழுங்குகிறானா என்று பார்த்தார்கள். விழுங்கினான். பையிலிருந்து ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கிழித்து, ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் முழுசாகக் கொட்டிக் கலக்கி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொன்னார்கள். குடித்ததும் வாந்தி எடுத்தான். நான் பயந்து நிறுத்தினேன். பத்து நிமிஷம் பொறுத்து இன்னும் மெதுவாகக் கொடு, நிறுத்தாதே என்றார்கள். வண்டி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் ஊட்டிக்கொண்டே போனோம். அங்கே இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினார்கள். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து முதலில் கேட்டது, ஏண்டா குடத்தை அந்தப் பக்கம் வைத்தாய் என்று. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஊருக்கு வந்த பிறகு நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். மன்றோ இறந்து ஐந்தே வருஷத்தில் வழி தெரிந்துவிட்டிருக்கிறது. வில்லியம் புரூக் ஓ'ஷானசி என்ற இளம் டாக்டர், அயர்லாந்துக்காரர், இங்கிலாந்தில் காலரா வந்தபோது நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, ரத்தத்தில் தண்ணீரும் உப்பும்தான் குறைகிறது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். அப்போது அவருக்கு வயசு 22. அதைப் படித்துவிட்டு 1832-ல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர், சாகக் கிடந்த ஒரு கிழவிக்கு நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார். அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட், கிட்டத்தட்ட மூன்று லிட்டர். கண் மின்ன எழுந்துகொண்டாளாம். பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் ஓய்வெடுக்கப் போனார். பேதி நிற்கவில்லை, திரும்ப ஏற்ற யாரும் இல்லை, சில மணி நேரத்தில் இறந்துவிட்டாள். அவன் தூங்குகிறான் என்று நான் கண் அசந்த மாதிரிதான்.

இந்த ஓ'ஷானசியை நம் எலக்ட்ரிகல் நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம். 1833-ல் கல்கத்தாவுக்கு வந்தார். 1839-ல் அங்கே கம்பி கட்டி மின்சாரத்தில் செய்தி அனுப்பிக் காட்டினார். 1850-களில் இந்தியா முழுவதும் தந்திக் கம்பி இழுத்தவர் இவரே. டாக்டர் படிப்புப் படித்த எஞ்சினியர்! ஆனால் தந்தி பரவின வேகத்தில் உப்புத் தண்ணீர் வைத்தியம் பரவவில்லை. அதற்குப் பிறகும் எழுபது, எண்பது வருஷம் டாக்டர்களே அதை மறந்து கிடந்தார்கள்.

டிரிப் ஏற்ற ஊசி வேண்டும், ஆள் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும். வாய் வழியாகக் கொடுத்தால் என்ன? வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், குடல் வாங்கவில்லை. 1960 வாக்கில்தான் ரகசியம் தெரிந்தது. குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. உப்பில் உள்ள சோடியமும் சர்க்கரையில் உள்ள குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும். அவை இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களே, இது சாட்சாத் நம்ம ஆண்ட் கேட். இரண்டு இன்புட்டும் 1 ஆக இருந்தால்தான் அவுட்புட் 1. காலராக் கிருமியின் விஷம் குடலில் எத்தனையோ வேலையைக் கெடுத்தாலும் இந்தக் கேட்டை மட்டும் கெடுப்பதில்லை. அந்த விஷத்தை 1959-ல் கண்டுகாட்டியவர் கல்கத்தாவின் சம்புநாத் டே.

1971-ல் பங்களாதேஷ் போரில் லட்சக்கணக்கான அகதிகள் வங்காள எல்லைக்கு வந்தார்கள். போங்காவ்ன் முகாமில் காலரா. டிரிப் பாட்டில் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மஹலனோபிஸ், குளுக்கோஸும் சமையல் உப்பும் சோடா உப்பும் கலந்து பெரிய டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே டம்ளரைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரைக்கும் செத்த இடத்தில் நாலு பேருக்கும் குறைவானது. ஊட்டியவர்கள் எல்லாம் அம்மா, அண்ணன், தம்பி. ஒருத்தரும் டாக்டர் இல்லை. 2022-ல் அவர் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

நர்ஸ் அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் முக்கியமானதை இங்கே எழுதிவிடுகிறேன், ஹாஸ்டலில் யாருக்காவது உதவும். பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் பாக்கெட் முழுவதையும் போட வேண்டும். பாதி பாக்கெட், ஒரு டம்ளர் என்கிற குத்துமதிப்பு ஆகாது, உப்பு கூடினால் ஆபத்து. கலக்கினதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாக்கெட் இல்லாத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. நாக்கில் வைத்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. பெரியவர்களுக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் ஒரு டம்ளர், இரண்டு டம்ளர். இரண்டு வயசுக்குள் இருக்கும் குழந்தைக்கு அரை டம்ளருக்குள், அதுவும் ஸ்பூனில். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்டு ஜிங்க் மாத்திரையும் கொடுப்பார்கள். கஞ்சித் தண்ணீர், உப்புப் போட்ட மோர், இளநீர் எல்லாம் நல்லதுதான். ஆனால் கலர், கூல்டிரிங்க்ஸ் வேண்டாம், அதிகச் சர்க்கரை பேதியைக் கூட்டும். பேதியை நிறுத்துகிற மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத கட்டம் எது என்றும் கேட்டேன். ஆள் மயங்குகிறது, கூப்பிட்டால் சரியாகத் திரும்பவில்லை, குடிக்க முடியவில்லை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கிள்ளின தோல் நிற்கிறது, மலத்தில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. மயக்கத்தில் இருக்கிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும். குடிக்க முடிகிற ஆளாக இருந்தால் போகிற வழி முழுக்க ஊட்ட வேண்டும்.

அம்மாயியிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். அவங்க காலத்தில் ஊரில் வாந்திபேதி வந்தபோது, குடித்ததெல்லாம் உடனே போவதைக் கண்ணால் பார்த்தார்களாம், அதனால்தான் தண்ணீரை நிறுத்தினார்களாம். தப்பு என்று பட்டென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உப்பும் சர்க்கரையும் சேர்த்தால் போவதைவிட உள்ளே நிற்பது கூட என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்கள். அவங்க கூடப் பிறந்த தம்பி ஒருத்தர் ஏழு வயசில் இறந்ததைச் சொன்னார்கள். அவரும் கடைசி வரை தண்ணீர் கேட்டாராம். அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

ஜூனியர்களின் கேம்ப்புக்கு ஸ்டோரில் சாமான் பட்டியல் எழுதும் வேலையை இந்த வருஷம் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சங்கிலி 4, ரேஞ்சிங் ராடு 12, கிராஸ் ஸ்டாஃப் 2, டேப் 4, ஆரோ 40. அதற்குக் கீழே ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 20, ஒரு லிட்டர் பாட்டில் 2, டீஸ்பூன் 2 என்று எழுதினேன். ஸ்டோர் கீப்பர் அண்ணன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது எந்த சர்வே இன்ஸ்ட்ருமெண்டுப்பா என்று கேட்டார். சொன்னேன். பாக்கெட்டை 30 ஆகத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.